ஒரு முழம் கம்பி

அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எல்லோரும் அவளை நோண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். ஏழு வயதில் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பிரித்து மேய்ந்தாள். திரும்பப் பூட்டியபோது கையில் ஒரு பல்சக்கரம் மிஞ்சியது. அது இல்லாமலே கடிகாரம் ஓடுவதைக் காட்டி அடி வாங்காமல் தப்பித்தாள். கடிகாரம் மணி அடிப்பதை நிறுத்திவிட்டது என்பது மறுநாள் அப்பா வேலைக்குத் தாமதமாகப் போனபோதுதான் தெரிந்தது. அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போது நாற்பத்தாறு வயது. தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். பன்னிரண்டடிக்கு எட்டடி அறை, மூன்று பக்கமும் மிஷின்கள், நடுவில் ஒரு மேசை. மேசைக்கு மேலே தகரக் குடை போட்ட விளக்கு தொங்கியது. ஆறு மாதமாக அந்த விளக்கு ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. ஊசிக்கண் மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும் கண்ணாடி போடப் பிடிக்காமல், இரண்டு முனையிலும் வளையம் வைத்த ஒரு கம்பியைக் கொக்கியில் மாட்டி விளக்கை இறக்கிக்கொண்டாள். வயதை ஒத்துக்கொள்வதைவிட விளக்கை இறக்குவது சுலபம் அல்லவா.

அந்த விளக்கின் கீழேதான் புதன்கிழமை மதியம் அண்ணன் வந்து உட்கார்ந்தான். வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒருத்தர் வர்றாரு. படகைப் பாத்துட்டு எடுத்துக்கிறேன்னு சொல்லிருக்காரு," என்றான்.

நோண்டியின் கையிலிருந்த திருப்புளி நின்றது. "அண்ணி ஒத்துக்கிட்டாங்களா?"

"அவதான் போன் பண்ணி வரச் சொன்னா."

படகு அண்ணியுடையது. அண்ணியின் அப்பா விட்டுப்போன சின்னப் பாய்மரப் படகு. பன்னிரண்டு வயதிலிருந்து அண்ணி அதில் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் ஏறிக்கொண்டான். அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தே பழகிய உடம்பு. படகிலும் அதே கதைதான். முப்பது வருடமாகப் படகு ஓட்டுகிறவளுக்கு, "மெதுவா, மெதுவா, இப்பத் திருப்பு" என்று பாடம் நடத்துவான். அண்ணி சிரித்துக்கொண்டு தன் பாட்டுக்குச் சரியானதைச் செய்வாள்.

நாற்பது நாளைக்கு முன்பு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. திடீரென்று காற்று ஏறியது. முன்பாயைச் சுருட்ட அண்ணி கயிற்றை இழுத்தாள். பாதியில் மாட்டிக்கொண்டது. அண்ணன் சுக்கானை விட்டுவிட்டு ஓடிவந்து கயிற்றின் நுனியைத் தன் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு அவளோடு சேர்ந்து இழுத்தான். ஒரு பெரிய காற்று பாயை அறைந்தது. அண்ணி கை எரிந்து கயிற்றை விட்டுவிட்டாள். மொத்த இழுப்பும் அவன் விரல்களில் இறங்கியது. பாதி விரிந்த பாய் படபடவென்று அடிக்க, படகு தடுப்புச்சுவர்ப் பாறைகளைப் பார்த்துப் போனது. வேறொரு படகுக்காரர் வந்து கட்டி இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லிப் பார்க்கவில்லை.

ஆனால் அண்ணன் அதை ஒரு கதையாக்கிவிட்டான். கட்டைப் பார்த்து யார் கேட்டாலும், "இவ கயித்தை விட்டுட்டா!" என்று ஆரம்பித்து, கண்ணை உருட்டி, படகு ஆடியதுபோல ஆடிக் காட்டிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதனால்தான் அவனைத் திட்டவும் முடியவில்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அண்ணி எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போவாள். வந்தவர்கள் யாருக்கும் அவ்வளவு தாகம் இருந்ததில்லை.

"அண்ணா, அது ஏன் மாட்டிச்சு?" என்றாள் நோண்டி.

"அந்தச் சுருட்டி இருபத்தஞ்சு வருஷப் பழசு. செஞ்ச கம்பெனியே இப்ப இல்லை. இதுல ஏன்னு வேற கேக்கணுமா?"

"முதல் நாள் வரைக்கும் சுத்திச்சா இல்லையா?"

"சுத்திச்சு. கொஞ்ச மாசமா முரண்டு பிடிக்கும். அவ இழுத்த விதம் சரியில்ல, விடு."

விடுவதற்கு அவள் யார்? எந்த மிஷினும் காரணமில்லாமல் நிற்காது என்பது அவள் தொழில். உள்ளுக்குள் குறுகுறுவென்று ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அன்று மாலையே சாவி வாங்க அண்ணியிடம் போனாள். அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதுதான் வேலை. கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். வேலை முடிந்து கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

"எதுக்கும்மா வீண் வேலை? மிஷின் மேல தப்பு இல்ல. என் கை மேலதான் தப்பு." சொல்லும்போதே உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கயிறு எரித்த கோடு இன்னும் சிவப்பாக இருந்தது. "அவர் விரல் போயிருந்தா? படகு பாறைல மோதியிருந்தா? என்னை நம்பி இனிமே ஒருத்தரை ஏத்திட்டுப் போகமாட்டேன். நான் ஏறலைன்னா அப்பா படகு சும்மா நின்னு அழுகும். யாராவது எடுத்துட்டுப் போய் ஓட்டட்டும்."

"அன்னைக்கு நீங்க என்ன பாத்தீங்க அண்ணி?"

அண்ணி யோசிக்கவே இல்லை. "கீழ சுத்துச்சு. மேல சுத்தல."

அவ்வளவுதான் சொன்னாள். நோண்டி அதைக் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. அவள் மனமெல்லாம் சுருட்டியின் அடியில் இருந்த டிரம் மீதுதான் இருந்தது. தையல் மிஷினில் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் அடிப்பலகையைத் திறந்து பார்க்கிற பழக்கம்.

சுருட்டி என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஜன்னல் திரையை நிமிர்த்தி நிறுத்தினால் எப்படியோ அப்படி. படகின் மூக்கிலிருந்து பாய்மரத்தின் உச்சிவரை ஓர் அலுமினியக் குழாய். முன்பாய் அதில் கோத்து நிற்கும். அடியில் ஒரு டிரம். டிரம்மில் சுற்றியிருக்கும் கயிற்றைப் பின்னால் உட்கார்ந்து இழுத்தால் டிரம் சுழலும், குழாய் சுழலும், பாய் அதில் சுருண்டுகொள்ளும். பாயை மேலே தூக்கிப் பிடிக்கிற ஏற்றுக்கயிறு மட்டும் சுழலக் கூடாது. அதற்காக உச்சியில் ஒரு சுழலி இருக்கிறது. அதன் கீழ்ப்பாதி பாயோடு சுற்றும், மேல்பாதி கயிற்றோடு சும்மா நிற்கும்.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, படகுத்துறையில் கட்டியிருந்த படகின் மூக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டிரம்மைத் திறந்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உள்ளே உப்பு பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. பேரிங் குண்டுகளில் இரண்டு பிளந்திருந்தன. ஒரு பறவையின் இறகுகூட இருந்தது, அது எப்படி உள்ளே போனது என்று கால்மணி நேரம் யோசித்தாள். நல்ல தண்ணீரும் சோப்பும் விட்டு அலசி, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துருப்பிடிக்காத புதுக் குண்டுகள் போட்டாள். டிரம்மில் புடைத்துக்கொண்டிருந்த தடித்த கயிற்றை எடுத்துவிட்டு மெல்லியதை அடுக்கடுக்காகச் சுற்றினாள். மாலையில் ஒற்றை விரலால் தட்டினால் டிரம் வழுக்கிக்கொண்டு சுழன்றது. சுழலியையும் கீழே இறக்கி அலசி எண்ணெய் விட்டாள். அதுவும் சுழன்றது. தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

வெள்ளிக்கிழமை அண்ணனை வரவழைத்தாள். பாயை ஏற்றினார்கள். நோண்டி பின்னால் போய் உட்கார்ந்து, மேடையில் திரை இழுப்பவள் மாதிரி மெதுவாகக் கயிற்றை இழுத்தாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. அதற்குமேல் அசையவில்லை.

அண்ணன் ஒற்றைக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தான். "பாத்தியா? உனக்கும் கைராசி இல்ல."

"அண்ணா, இப்ப இங்க அண்ணி இல்லையே. கயித்தை யார் விட்டா?"

அண்ணன் கயிற்றைப் பார்த்தான், தன் கட்டைப் பார்த்தான். நாற்பது நாளில் முதல் தடவையாக அவனிடம் சொல்வதற்குக் கதை இல்லை.

நோண்டிக்கு அப்போதுதான் அண்ணியின் பேச்சு உறைத்தது. கீழே சுற்றியது, மேலே சுற்றவில்லை. பார்த்ததை அப்படியே சொல்கிறவள் இரண்டே வாக்கியத்தில் கோளாறை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாளாகக் குனிந்தே இருந்தவள் சட்டென்று படகின் தளத்தில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"ஏய், என்ன ஆச்சு? மயக்கமா?"

"சும்மா இரு அண்ணா." செல்போன் கேமராவை உச்சிக்கு நீட்டிப் பெரிதாக்கினாள். வெயிலில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அண்ணனைக் குடை மாதிரி நிற்கவைத்து அவன் நிழலில் மறுபடி பார்த்தாள். தெரிந்தது. சும்மா நிற்க வேண்டிய ஏற்றுக்கயிறு, குழாயைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி இறுகிக்கிடந்தது. இன்னும் இழுத்திருந்தால் கயிறு அறுந்திருக்கும், இல்லை குழாய் முறுகியிருக்கும்.

இதை அவள் வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறாள். நூல் அறுந்து அறுந்து போகிறது என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் நூல் நேராகப் போகாமல் நூல்கண்டு நிற்கும் தண்டையே சுற்றிக்கொண்டிருக்கும். கயிறும் அப்படித்தான். தண்டைவிட்டு ஒரு கோணத்தில் விலகிப் போனால் சுற்றாது, ஒட்டிக்கொண்டே போனால் என்றைக்காவது சுற்றிக்கொள்ளும். சுழலி உச்சிக்குப் பக்கத்தில் நின்றால் கயிறு விலகிப் பின்பக்கமாகப் போகும். இங்கே சுழலி உச்சியிலிருந்து ஒரு முழம் கீழே நின்றது. அந்த ஒரு முழமும் கயிறு குழாயை உரசிக்கொண்டு இறங்கியது.

ஏன் ஒரு முழம் கீழே நிற்கிறது? பாய் குட்டை. பாய் குட்டையென்றால் இத்தனை வருடம் எப்படிச் சுற்றியது? ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் இன்னொன்று முளைக்கிற இந்த நேரம்தான் அவளுக்கு வாழ்க்கையிலேயே பிடித்த நேரம். எழுந்து பக்கத்துப் படகின் உச்சியைப் பார்த்தாள். அதே மாதிரி சுருட்டி. அங்கேயும் பாய் குட்டைதான். ஆனால் பாயின் நுனிக்கும் சுழலிக்கும் நடுவில் ஏதோ ஒன்று மினுங்கியது, சுழலி ஜம்மென்று உச்சியில் நின்றது.

அந்தப் படகின் பக்கவாட்டில் ஒரு பெயிண்டர் வேலை செய்துகொண்டிருந்தார். "மேல நடுவுல ஒண்ணு தெரியுதே, அது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"அதுவா? கம்பி. பாய் குட்டையா இருந்தா அந்த எடத்தை நிரப்பிச் சுழலியை மேல தூக்கி நிறுத்தும். ரெண்டு பக்கமும் வளையம் வச்சிருக்கும்." பெயிண்டர் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு அண்ணியின் படகை அண்ணாந்து பார்த்தார். "உங்களுதுலயும் இருந்துச்சே. போன வருஷம் நான்தான இதுக்கும் பெயிண்ட் அடிச்சேன். அது எங்க போச்சு?"

நோண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும்.

"எங்க போச்சாம்?" என்றான் அண்ணன்.

"நாளைக்குச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடைக்குப் போய் விளக்கைப் போடாமல் நின்றாள். தெருவெளிச்சத்தில் தகரக் குடையும், அதற்கு மேலே இரண்டு வளையம் வைத்த கம்பியும் தெளிவாகத் தெரிந்தன. ஆறு மாதத்துக்கு முன்பு பாயின் ஓரத்தையல் விட்டுப்போனது என்று அண்ணன் அதைக் கழற்றிக் கடை மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தான். நோண்டி தைத்துக் கொடுத்தாள். துவைக்கும்போது துணியைக் கிழிக்கும் என்று நுனியிலிருந்த கம்பியைக் கழற்றி வைத்தாள். திரும்ப மாட்டுகிற நாளில் அண்ணன் போன் செய்து, "நோண்டி, இதுல வேற ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டான். "சும்மா ஒரு கம்பி. வேலையில்லாத சாமான். பாயை நேரா மாட்டிடு" என்றாள். அன்று போனில் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "அப்பா காலத்துல பாய் இன்னும் கொஞ்சம் மேல நிக்குமே?" அதற்கு நோண்டி சிரித்துக்கொண்டே, "அண்ணிக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொல்லு" என்றாள்.

கண்ணாடி மாற்ற வேண்டியது யார் என்பது அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அண்ணனின் விரல், அந்தப் பாறைகள், அண்ணி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வந்தது, அதை மறைப்பானேன். படகு சாமான் விற்கும் கடையில் இதேபோல ஒரு கம்பி கிடைக்கும். மாட்டிவிட்டு, மேலே கோணம் சரியில்லை, சரிசெய்துவிட்டேன் என்றால் அண்ணன் ஊரெல்லாம் அவள் புகழ் பாடுவான். ஆனால் அண்ணி கேட்பாள். பழைய கம்பி எங்கே போனது என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள், பதில் வரும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்ல நோண்டிக்குத் தெம்பில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி விளக்கைக் கழற்றினாள்.

சனிக்கிழமை காலை அண்ணனும் அண்ணியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேசையில் கம்பியை வைத்தாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போனில் சொன்னதையும் சொன்னாள், கண்ணாடி மாற்றச் சொன்னதையும் சொன்னாள்.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப்பாவி! என் விரலை உடைச்சது உன் விளக்கா!"

"சிரிக்காதீங்க," என்றாள் அண்ணி.

அவள் குரல் உயரவில்லை. ஆனால் அண்ணன் கையிலிருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்தான்.

அண்ணி கம்பியை எடுத்தாள். ஒரு வளையத்தில் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள். "அப்ப, நான் கயித்தை விட்டதாலதான்னு..."

"நீங்க விட்டீங்க அண்ணி. விடலைன்னா உங்க கையும் போயிருக்கும். ஆனா அது மாட்டினதுக்கு நீங்க காரணம் இல்ல. நான்தான்."

"பாய் கீழ நிக்குதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது." அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. "கண்ணால பாத்தேன். ஆனா மிஷின் விஷயத்துல நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். நாப்பது நாளா என் கையைப் பாத்துக்கிட்டே இருக்கேன் நோண்டி. லேப்ல ஊசி பிடிக்கும்போதுகூட இந்தக் கையை நம்பலாமான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

நோண்டி மன்னிப்புக் கேட்டாள். அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது. அண்ணன் கட்டுப்போட்ட கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை வீட்டில், எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டிருந்தான்போல. "தப்புதான்," என்றான் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கம்பியைக் கைப்பையில் போட்டாள், சாவியை எடுத்தாள். "வாங்க ரெண்டு பேரும்."

படகில் அவளே பாயை இறக்கி, நுனியில் கம்பியை மாட்டி, அதைச் சுழலியில் கோத்து, மறுபடி ஏற்றினாள். சுழலி ஏறி ஏறி உச்சியில் போய் நின்றது. அண்ணன் பழக்கதோஷத்தில், "மெதுவா" என்று ஆரம்பித்துத் தானே பிரேக் போட்டுக்கொண்டான். அண்ணி பின்னால் போய் உட்கார்ந்தாள். எரிந்த உள்ளங்கையை ஒரு தடவை தொடையில் துடைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சுற்றில் நோண்டி மூச்சை நிறுத்திக்கொண்டாள். நான்காவது சுற்று வந்தது. பிறகு எண்ணத் தேவையிருக்கவில்லை, பாய் முழுக்கச் சுருண்டு குழாயில் ஒட்டி நின்றது. அண்ணி அதை விரித்தாள், மறுபடி சுருட்டினாள். இன்னொரு தடவை விரித்துச் சுருட்டினாள். ஏழு தடவை செய்தாள். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாங்க வந்தவர் சரியான நேரத்துக்கு வந்து நின்றார். வர வேண்டாம் என்று அண்ணி வேண்டுமென்றே அவருக்குப் போன் செய்யவில்லை என்பது நோண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணி அவரைப் படகிலேயே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

"மன்னிக்கணும் சார். படகை விக்கிறதா இல்ல."

"ஏங்க? என்ன ஆச்சு? போன்ல உறுதியாச் சொன்னீங்களே?" வந்தவரின் பார்வை அண்ணனின் கட்டுப்போட்ட விரல்களில் போய் நின்றது. "கைல என்ன சார் அடி?"

அண்ணனின் கண்கள் தானாக உருள ஆரம்பித்தன. வாயும் பாதி திறந்துவிட்டது. அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பிஸ்கட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"இனிமே இந்தக் கதையை இவதான் சொல்லுவா," என்றாள் அண்ணி, நோண்டியைக் காட்டி. "யார் வந்து கேட்டாலும் இவதான் சொல்லணும். சொல்லும்மா."

நோண்டிக்கு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவரலாம்போல இருந்தது. தண்ணீர்ச் செம்பு நிறைய, பக்கத்திலேயே இருந்தது. அண்ணி அதை முன்னாலேயே எடுத்து வைத்திருந்தாள். நோண்டி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"என் கடைல ஒரு விளக்கு இருக்கு சார்," என்று ஆரம்பித்தாள்.